வாளியில் வந்த கப்பி

(மயிலாப்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. கேள்வி-பதில் பகுதி இங்கே சேர்க்கப்படவில்லை.)

பின்வரிசையில் ஒரு தம்பி ஹார்லிக்ஸ் பாட்டிலில் இரண்டு மீனைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தம்பி, முதலில் அந்த மூடியைக் கழற்றி வை. நான் பேசி முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். மனிதர்கள் தாங்கிக்கொள்வார்கள், மீன் தாங்காது.

நான் முதலில் பார்த்த கப்பி, காசு கொடுத்து வாங்கியதல்ல. மந்தைவெளியில் நாலு குடித்தனத்துக்கு ஒரு கிணறு என்று இருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். ஒருநாள் விடிகாலையில் பாட்டி இறைத்த வாளியில் ஒரு சின்ன மீன் துள்ளியது. "ஐயய்யோ, மீன் விழுந்த தண்ணியைச் சாமிக்கு எப்படி வைக்கிறது?" என்று வாளியோடு நின்றுவிட்டாள். பக்கத்துப் போர்ஷன்காரர் பல் துலக்கிக்கொண்டே, "கார்ப்பரேஷன்காரங்க போட்டுட்டுப் போனதும்மா. கொசுப்புழுவைத் தின்னும்" என்றார். பாட்டிக்கு அது சமாதானமாகப் படவில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டினாள். துணியில் தங்கியதை நான் எடுத்துக்கொண்டேன். விலாவில் மிளகு அளவுக்கு ஓர் ஆரஞ்சுப் பொட்டு. அந்தப் பொட்டுதான் என்னை இந்த மேடை வரைக்கும் கொண்டுவந்திருக்கிறது.

சென்னையில் மலேரியாவைப் பரப்புகிற அனோபிலஸ் ஸ்டீபன்சி என்ற கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. கிணறு, மொட்டை மாடித் தொட்டி என்று நல்ல தண்ணீராகப் பார்த்துத்தான் முட்டையிடும். அதனால்தான் கிணறுகளில் மீன் விட்டார்கள். அப்படி விட்டதில் இரண்டு வகை. ஒன்று கம்பூசியா, 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. சாம்பல் நிறம், அழகு கிடையாது, சண்டைக்காரன். இன்னொன்று கப்பி. இரண்டுமே முட்டையிடாமல் குட்டி போடுகிறவை. ஒரு சினை மீனைக் கிணற்றில் விட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

கப்பி என்ற பெயர் ட்ரினிடாட் தீவில் இருந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவருடையது. அவர் அனுப்பிய மீனுக்கு 1866-ல் லண்டனில் அவர் பெயரையே வைத்தார்கள். அதற்கு முன்பே, 1859-ல், வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் இதே மீனை விவரித்து எழுதிவிட்டார் என்பதால் அறிவியல் பெயர் பொசிலியா ரெட்டிகுலாட்டா என்று நின்றுவிட்டது. ஆனால் ஊர் வாயில் கப்பிதான் ஜெயித்தது. நம் ஊர்த் துறைமுகத்தில் கப்பலேறி ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவுக்குப் போனவர்கள் உண்டு. அந்தத் தீவின் மீன் எங்கள் வீட்டு வாளிக்கு வந்து சேர்ந்தது.

இப்போது தண்ணீர். இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு புலம்பல் இருக்கும். போர் தண்ணீரில் உப்பு, வாளியில் வெள்ளைப் படிவம், ஷவரில் ஓட்டை அடைப்பு, தலைமுடி கொட்டுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலை ஒட்டிய சில கிணறுகளில் வாயில் வைத்தாலே கரிக்கும். நாம் திட்டுகிற இந்தக் கடினத் தண்ணீர், குட்டி போடும் மீன்களுக்கு மாமியார் வீட்டு விருந்து. கப்பி, மோலி, பிளாட்டி, சோர்ட்டெயில் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புச் சத்து உள்ள, சற்றே காரத்தன்மையுள்ள தண்ணீர்தான் பிடிக்கும். மோலி கொஞ்சம் உப்பையும் கேட்கும். நிறையப் பேர் பாசத்தில் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி மோலியை நோயாளி ஆக்குகிறார்கள். துடுப்பைச் சுருட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டு நிற்கும். மருந்து தேடி ஓடவேண்டாம், தண்ணீரை மாற்றினால் பெரும்பாலும் போதும்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான தொட்டியில் ஒருநாள் வெயில் படும்படி வைத்தால் போய்விடும். அவசரமென்றால் ஹைப்போ கல் இரண்டைப் போடலாம். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்களுக்குத் தெரிந்த அதே ஹைப்போதான். ஒரே ஒரு எச்சரிக்கை. குழாயில் வருவது எப்போதும் ஒரே தண்ணீர் இல்லை. 2004 முதல் வீராணத்திலிருந்து வருகிறது, 2013 முதல் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கித் தென்சென்னைக்கு அனுப்புகிறார்கள், நடுவில் ஏரித் தண்ணீர், லாரித் தண்ணீர். இன்றைக்கு வந்ததும் போன வாரம் வந்ததும் மீனுக்கு ஒன்றல்ல. அதனால் ஒரே சமயத்தில் கால் பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். 2019 கோடையில் லாரிக்குக் குடம் வைத்து வரிசையில் நின்ற நாட்களில் நான் மாற்றவே இல்லை. தொட்டியில் வேலம்பாசியை நிறையப் போட்டு, மீனைக் குறைத்து, தீனியைக் குறைத்து ஓட்டினேன். தொட்டிக்கு ஊற்றவேண்டும் என்று ஒரு குடம் கூடுதலாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆக நீர் நமக்குச் சாதகம், வெயிலும் சாதகம். ஹீட்டர் தேவையில்லை. மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை குட்டி. பெண்ணின் வயிற்றுக்கடியில் கறுப்புப் பொட்டு பெரிதாகி, வயிறு பெட்டிபோல் சதுரமானால் இன்றோ நாளையோ என்று அர்த்தம். பாசி அடர்ந்திருந்தால் குட்டிகள் ஒளிந்துகொள்ளும், இல்லாவிட்டால் தாயே தின்றுவிடும். அவித்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து கொடுக்கலாம். உப்புத் தண்ணீரில் ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டால் நம் வெப்பத்துக்கு ஒரே நாளில் பொரிந்துவிடும், அதற்கு ஈடான குட்டித் தீனி இல்லை. இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மயிலாப்பூரில் கப்பிக்குக் குட்டி போடவைப்பது ஒரு சாதனையே அல்ல. தடுப்பதுதான் சாதனை.

ஏன் தடுக்கவேண்டும் என்று கேட்பீர்கள். இன்று நான் பேச வந்ததே அதைத்தான்.

பல வருஷத்துக்கு முன் ஒரு கடையில் முழுச் சிவப்பு ஜோடி ஒன்று வாங்கினேன். மாதம் திரும்புவதற்குள் முப்பது குட்டி. இரண்டு மாதத்தில் நிறம் வந்தது. ஒன்றில் நீலம், ஒன்றில் பாம்புத் தோல் வரி, ஒன்றில் கறுப்பு வால். சிவப்பு மட்டும் இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கத்திக்கொண்டு போனேன். அவர் பேரைச் சொல்லப்போவதில்லை, தப்பு அவருடையதும் இல்லை. பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தால் ஆணின் விந்தணுவை உடம்பில் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். அடுத்தடுத்து ஐந்தாறு ஈற்றுக்கு ஆணே வேண்டாம். ஆணும் பெண்ணும் கலந்து கிடந்த கடைத் தொட்டியிலிருந்து வந்த பெண்ணின் வயிற்றில் இருப்பது யார் பிள்ளை என்று அந்த மீனுக்கே தெரியாது. நாம் பக்கத்தில் விட்ட சிவப்பு மாப்பிள்ளை வெறும் அலங்காரம்.

எனவே வம்சம் வளர்க்க நினைப்பவருக்கு முதல் கருவி வலையும் அல்ல, பில்டரும் அல்ல. சேராத பெண் மீன். குட்டிகளை மூன்று வாரத்திலிருந்து தினம் பார்க்கவேண்டும். ஆண் குட்டிக்கு வயிற்றின் பின்பக்கத் துடுப்பு மெல்ல நீண்டு குச்சிபோல் கூராகும். பெண்ணுக்கு அது விசிறியாகவே இருக்கும், கறுப்புப் பொட்டும் தெரியத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் எல்லாம் சீக்கிரம் நடக்கும். ஒருநாள் சோம்பினால் போதும், ஒரு குறும்பன் முழுத் தொட்டியையும் கெடுத்துவிடுவான். பிரித்து வைக்கக் கண்ணாடித் தொட்டிகளே வேண்டும் என்பதில்லை. ரங்கநாதன் தெருவில் வாங்கிய வெள்ளை டப்பாக்களில்தான் என் பாதி மீன் வளர்கிறது. மிச்சப் பாதி, கதவு கழற்றிப் படுக்கவைத்த பழைய பிரிஜ்ஜில்.

சரி, பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம். இனி எது யாரிடமிருந்து வருகிறது? 'தாயைப் போல பிள்ளை' என்பது நம் பழமொழி. கப்பி அதைக் கவிழ்த்துப் போட்டது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடம் என்று ஒன்று. ஆமாம், அந்த பீர் கம்பெனியுடையதுதான், இந்தச் சபையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அங்கே யோஹானஸ் ஷ்மிட் என்பவர் இருந்தார். விலாங்கு மீன் பிறக்கும் இடத்தைத் தேடி அட்லாண்டிக் கடலையே சல்லடை போட்டுச் சலித்த மனிதர். அவர் கப்பியையும் வளர்த்தார். ஓர் ஆணின் முதுகுத் துடுப்பில் ஒரு கரும்புள்ளி. அவன் மகன்கள் எல்லோருக்கும் அந்தப் புள்ளி. பேரன்களில், மகன் வழிப் பேரன்களுக்கு மட்டும் உண்டு, மகள் வழிப் பேரன்களுக்கு இல்லை. 1920-ல் அதை எழுதினார். அவருக்குப் பின் அதே கூடத்தில் ஆய்விண்ட் விங்கே என்பவர் அந்தப் புள்ளி ஆணுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில் ஏறிக்கொண்டு அப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது என்று நிறுவினார். நாம் தொட்டித் தண்ணீரில் பார்க்கிற பி.எச். இருக்கிறதே, அதையும் 1909-ல் அந்தக் கூடத்தில்தான் சோரன்சன் என்பவர் வகுத்தார். மீன் வளர்ப்பவர்கள் அந்த பீருக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறோம். குடித்துத்தான் தீர்க்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

கோத்திரம் பார்க்கிற ஊரில் இதை விளக்க எனக்குச் சிரமமில்லை. கோத்திரம் அப்பன் வழியே போவதுபோல, கப்பியின் பல நிறங்கள் ஆண் வழியே போகின்றன. ஆனால் எல்லாமும் அப்படி அல்ல. சில குணங்கள் தாய் வழியே எக்ஸ் குரோமோசோமில் வருகின்றன. பெண் அதைத் தன் உடம்பில் காட்டாமலேயே வைத்திருந்து மகனிடம் காட்டும். சாம்பல் நிறப் பெண்ணைப் பார்த்து 'இது எதற்கு' என்று தள்ளிவிடாதீர்கள். அதன் அண்ணன் தம்பியைப் பாருங்கள், பெற்ற மகன்களைப் பாருங்கள்.

வெளுத்த உடம்பும் சிவந்த கண்ணுமுள்ள அல்பினோ இன்னொரு வகை. அதற்கு அப்பா தந்த பிரதியும் அம்மா தந்த பிரதியும் இரண்டும் வேண்டும். அடையாற்றில் என் நண்பர் ஒருவர் அல்பினோ ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தார். குட்டி அத்தனையும் சாதாரணம். "போச்சு சார், வீண்" என்று யாருக்கோ கொடுத்துவிட்டார். அந்தக் குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்திருந்தால் அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று அல்பினோவாக வந்திருக்கும். கைக்குக் கிடைத்ததை வாசலில் தொலைத்தார். வாங்கிக்கொண்டுபோன வீட்டில் திடீரென்று வெள்ளைக் குட்டி பிறந்து, அதிசயம் என்று போட்டோ எடுத்திருப்பார்கள்.

இனி கலப்பு. எது எதோடு சேரும் என்பதில் நிறையக் கட்டுக்கதை உண்டு. கப்பியும் பிளாட்டியும் வருஷக்கணக்கில் ஒரே தொட்டியில் கிடந்தாலும் கலப்புக் குட்டி வராது, வெவ்வேறு குடும்பக் கிளை. பிளாட்டியும் சோர்ட்டெயிலும் தாராளமாகச் சேரும். மோலிகள் தமக்குள் சேரும். கப்பியோடு எண்ட்லர் மீன் சேரும், சேர்ந்து சேர்ந்தே அசல் எண்ட்லர் அரிதாகிவிட்டது. வெனிசுவேலாவில் ஒரு சின்ன ஏரியில் 1975-ல் ஜான் எண்ட்லர் எடுத்த மீன் அது. 2005-ல் அதைத் தனி இனமாக அறிவித்துப் பொசிலியா விங்கெய் என்று பெயர் வைத்தார்கள், நான் சற்றுமுன் சொன்ன விங்கேயின் நினைவாக. கடையில் எண்ட்லர் என்று விற்பதில் பாதிக்கு மேல் கப்பி ரத்தம் ஓடும் என்பது என் அனுபவக் கணக்கு.

மோலியில் நடந்த கலப்பு ஒன்று இயற்கையே செய்தது. இரண்டு மோலி இனங்கள் எப்போதோ கலந்து, பெண்கள் மட்டுமே உள்ள ஒரு மீன் பிறந்துவிட்டது. அமேசான் மோலி என்று பெயர், அதில் பெண்கள் மட்டுமே என்பதை 1932-ல் கண்டுபிடித்தார்கள். ஆண் மீனின் விந்தணு முட்டையைத் தட்டி எழுப்ப மட்டும் வேண்டும். அப்பனின் குணம் பிள்ளைக்கு வருவதில்லை, மகள்கள் எல்லாம் தாயின் நகல். நதியின் பெயர் அல்ல, கிரேக்கக் கதையில் வரும் பெண் வீராங்கனைகளின் பெயர் அது.

பிளாட்டி, சோர்ட்டெயில் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். கடையில் பார்க்கிற ரத்தச் சிவப்பு சோர்ட்டெயில் காட்டில் கிடையாது. காட்டு மீன் பச்சை. சிவப்பு பிளாட்டியிடமிருந்து கலப்பில் வந்தது. அதாவது நம் கையில் இருப்பதே ஒரு பழைய கலப்பின் பேரன். இந்தக் கலப்பைச் செய்துகொண்டிருந்தவர்கள் 1920களில் ஒன்றைக் கவனித்தார்கள். முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி உள்ள பிளாட்டியை சோர்ட்டெயிலோடு சேர்த்தால் பிள்ளைகளுக்குக் கறுப்பு அடர்த்தியாகிறது. அந்தப் பிள்ளைகளை மறுபடி சோர்ட்டெயிலோடு சேர்த்தால், பேரப்பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு அந்தக் கறுப்பு புற்றுநோயாக வெடிக்கிறது. காரணம் இதுதான். பிளாட்டியிடம் புள்ளியை உண்டாக்கும் மரபணு ஒன்று, அதைக் கட்டுக்குள் வைக்கும் பிரேக் வேறோர் இடத்தில் ஒன்று. காட்டில் இரண்டும் சேர்ந்தே போகின்றன. சோர்ட்டெயிலிடம் இரண்டும் இல்லை. திரும்பத் திரும்ப அதோடு சேர்க்கும்போது சில பிள்ளைகளுக்குப் புள்ளி வருகிறது, பிரேக் வருவதில்லை. மைரன் கார்டன் என்ற அமெரிக்கர் இதை ஆராய மெக்சிகோ ஆறுகளில் இறங்கி மீன் பிடித்துவந்து வம்சம் வம்சமாகக் குறிப்பு வைத்தார். அந்த வம்சங்கள் இன்றும் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரோடு இருக்கின்றன. புள்ளிக்குப் பின்னால் இருந்த புற்று மரபணுவை 1989-ல் ஜெர்மனியில் பிரித்தெடுத்தார்கள். மனிதருக்கு வரும் தோல் புற்றைப் பற்றிய பாடங்களில் ஒன்று, பொழுதுபோக்குக்காகச் செய்த மீன் கலப்பிலிருந்து தொடங்கியது. உங்கள் வீட்டுக் கலப்பு சோர்ட்டெயிலுக்குத் துடுப்பில் கறுப்புக் கட்டி வந்தால் அதைக் கொண்டு மேலும் குட்டி எடுக்காதீர்கள்.

இதைக் கேட்டுக் கலப்பே கூடாது என்று நினைக்கவேண்டாம். ஒரே வம்சத்துக்குள் அண்ணன் தங்கை, அப்பன் மகள் என்று பல தலைமுறை சேர்த்தால் குட்டி குறையும், முதுகு வளையும், வால் கனம் தாங்காமல் தொங்கும். அப்போது வெளி ரத்தம் வேண்டும். நான் ஒரே நிறத்தை இரண்டு தனிக் கிளையாக வளர்த்து, நாலைந்து தலைமுறைக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து எடுப்பேன். அத்தை மகனும் மாமன் மகளும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சண்டை போடுவது குறிப்பில்லாத கலப்போடு. இன்னொன்றோடும் சண்டை உண்டு. பலூன் மோலி என்று உருண்டையாக ஒன்று விற்கிறார்களே, அது முதுகெலும்பு குறுகிப்போன மீன். நீந்தவே தடுமாறும். ஒரு குறையைப் பார்த்து அழகு என்று பெயர் வைத்துப் பெருக்குவது எனக்கு ஒப்பவில்லை. வாங்குவதும் இல்லை, வளர்ப்பதும் இல்லை.

குறிப்பு என்றேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. ஏர் பம்ப் நின்று, நெரிசலாக வைத்திருந்த பெரிய தொட்டி மறுநாள் காலைக்குள் வெள்ளையாக மிதந்தது. அதற்குக்கூட நான் அவ்வளவு வருந்தவில்லை. மாடியில் இருந்த டப்பாக்களில் மீன் எல்லாம் உயிரோடு இருந்தது, மழை நீர் நிரம்பி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியிருந்தது. ஒட்டியிருந்த சீட்டுகளைக் காற்று கொண்டுபோய்விட்டது. நோட்டு ஊறிக் கூழாகிவிட்டது. மூன்று வம்சம், ஐந்து தலைமுறை உழைப்பு, எல்லாம் கண்ணெதிரே ஆரோக்கியமாக நீந்திக்கொண்டிருந்தன, எது எதென்று சொல்லத்தான் ஆளில்லை. எல்லாவற்றையும் கொசுப்புழு தின்னத் தொட்டிகளில் விடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

கொளத்தூர்ப் பக்கம் ஒருநாள் போய்ப் பாருங்கள். வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் சிமெண்ட் தொட்டி கட்டி, குடும்பம் குடும்பமாக வண்ண மீன் வளர்த்துப் பிழைக்கிறார்கள். நாம் பொழுதுபோக்கு என்று பெருமை பேசுவதை அங்கே பெண்கள் வடிகட்டியால் நிமிஷத்துக்கு நூறு குட்டி பிரித்துக்கொண்டே பேசுவார்கள். நான் இங்கே சொன்னதில் பாதி அவர்களிடம் கற்றது.

கடைசியாக, அதிகமாகிப்போன குட்டிகள். எல்லோரும் செய்வது எனக்குத் தெரியும். பையில் கட்டிக்கொண்டு கபாலி கோயில் குளத்துக்குப் போய், பொரி போடுகிற சாக்கில் புண்ணியமாக விட்டுவிட்டு வருவது. இல்லையென்றால் அடையாற்றில். தயவுசெய்து வேண்டாம். நம் குளங்களுக்கென்று சொந்தமாகக் கொசுப்புழு தின்கிற மீன்கள் இருந்தன. தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன மேல்தண்ணீரில் மிதக்கும் ஒரு குட்டி மீனை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். மாம்பலத்தின் பெரிய ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகரே எழுந்தது. அந்த ஏரி மீன்கள் போக இடமில்லாமல் போனது. மிச்சமிருக்கும் குளங்களிலும் கம்பூசியாவும் கப்பியும் போய்த் தீனியைப் பறித்து, முட்டையையும் தின்றால் உள்ளூர் மீன் எங்கே போகும்? கப்பி சாக்கடையிலும் பிழைக்கும். அதன் பலம் அது, நமக்கு ஆபத்தும் அதுவே. கூடுதல் குட்டியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள், கடைக்குக் கொடுங்கள். முடியாவிட்டால் ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள், பெருக்கம் தானாக நிற்கும்.

வாசலில் மேஜைமேல் இருபது பைகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஓர் ஆண், இரண்டு பெண். ஆணுக்கு விலாவில் ஆரஞ்சுப் பொட்டு இருக்கும். மந்தைவெளிக் கிணற்று மீனின் வம்சம் என்று சொல்ல ஆசைதான். வர்தாவுக்குப் பிறகு அந்த உரிமை எனக்கில்லை. ஆணை நடுவில் தடுப்பு வைத்துத் தனியாகப் போட்டிருக்கிறேன், பெண்கள் இன்னும் சேராதவை. வீட்டுக்குப் போய் எந்த ஆணோடு விடுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். காசு வேண்டாம். பையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன், பிறந்த தேதியும் தாய் தகப்பன் எண்ணும் எழுதியிருக்கிறது. அதை மட்டும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தம்பி, உனக்கு முதல் பை.